ஒடீல் தனியாகச் செய்த முதல் ஒயின்

திங்கட்கிழமை காலை எட்டே கால் மணிக்கு ஒடீல் விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் வந்து நின்றபோது, நோயெமி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே நவம்பர் மாதத்துப் பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒடீல் மேல்கோட்டைக் கழற்றவில்லை. தூக்கமில்லாத கண்கள். காலணியில் நிலவறையின் வெண்மண் அப்படியே இருந்தது.

"உக்காருடி. காபி சொல்றேன்," என்றாள் நோயெமி.

"உக்கார வரல." ஒடீல் அவளைத் தாண்டி அவள் கணவரைப் பார்த்தாள். "சிப்ரியன், எரிஞ்ச கொட்டகை, ஆலங்கட்டி மழையில நாசமான தோட்டம்னு முப்பத்தஞ்சு வருஷம் பாத்துப் பாத்து, இது எதனால ஆச்சுன்னு இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதிக் குடுத்தவன் நீ. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் நிலவறையைக் கெடுத்தது நானா, பக்கத்துத் தோட்டத்து லாம்பேரா?"

சிப்ரியன் முட்டையின் மேல் ஓட்டைக் கரண்டியால் தட்டி முடித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"எதுவரைக்கும் நேரம் இருக்கு?"

"மத்தியானம் பன்னெண்டு. லாம்பேர் குத்தகைப் பத்திரத்தோட வர்றான். எனக்கு ஒயின் செய்ய வரலைன்னு நேத்தே தெரிஞ்சு போச்சு, கொடிகளை அவனே பாத்துக்கட்டும். ஆனா நிலவறையக் கெடுத்தவனே அவன்தான்னா, அவன் கையில மட்டும் குடுக்க மாட்டேன். வேற யாருக்காவது குடுத்துட்டுப் போறேன்."

"ஆக, எப்படியும் குடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்ட."

"பதினோரு பீப்பாயையும் கொளுத்தணும்டா. அதுக்கப்புறம் எனக்கு எதுக்குக் கொடி?"

ஒடீல், சிப்ரியன், நோயெமி, காஸ்பார் நால்வரும் இருபது வயதில் ஒரே தோட்டத்தில் திராட்சை அறுக்க வந்தவர்கள். அறுவடை முடிந்து மூன்று பேர் ஊர் திரும்பினார்கள். ஒடீல் மட்டும் தோட்ட உரிமையாளரின் மகன் ஃபிர்மினை மணந்து அங்கேயே தங்கிவிட்டாள். அதிலிருந்து நாற்பத்தோரு ஆண்டுகளாக, புது ஒயின் பீப்பாய்க்குள் அடங்கும் நவம்பர் மாதத்தில், மூன்று நாள் எல்லோரும் கூடுவார்கள். அர்ப்வா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலவறை நிலவறையாக இறங்கிச் சுவைப்பார்கள், சாப்பிடுவார்கள், பழைய சண்டைகளை மறுபடி போடுவார்கள். கடைசி நாள் ஞாயிறு மதியம் ஃபிர்மின் வீட்டுச் சாப்பாடு. ஃபிர்மின் இறந்து மூன்று வருடமாக அந்தச் சாப்பாடு நின்றிருந்தது. இந்த வருடம் ஒடீலே அழைத்தாள். கணவன் இல்லாமல் தானே அறுத்து, பிழிந்து, பீப்பாயில் வளர்த்துப் பாட்டிலில் அடைத்த முதல் ஒயினை நண்பர்களுக்கு ஊற்ற வேண்டும் என்பது அவள் ஆசை.

சிப்ரியனுக்கு இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் மோப்பம் அடியோடு போய்விட்டது. "மூக்கு இல்லாம ஒயின் குடிக்க ஊர் ஊராச் சுத்தறவன் உலகத்துல நீ ஒருத்தன்தான்டா," என்று காஸ்பார் கேலி செய்வான். சிப்ரியன் கோபித்துக்கொண்டதே இல்லை. பழுத்த கோம்தே பாலாடைக்கட்டியில் பல்லில் நொறுங்கும் உப்புப் பரல்களை ரசிப்பார், வாட்டிய வால்நட்டைக் கடித்து அதன் சத்தத்தை ரசிப்பார். ஒயின் வந்ததும் எல்லோரும் கண்ணை மூடிக் கோப்பைக்குள் மூக்கை நுழைக்க, அவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நண்பர்களைப் பார்ப்பார். "நீங்க மோந்து பாருங்க. நான் உங்களப் பாக்கறேன்." பின்னாளில் அவர் இல்லாமல் போன வருடங்களில் நோயெமிக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்தப் பார்வைதான். எதையும் துளைக்காது, எதையும் விட்டுவிடவும் செய்யாது.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றார் சிப்ரியன்.

"நீயும்தானே கூட இருந்த?"

"இருந்தேன். நீ சொல்றதக் கேக்கணும்."

ஒடீல் சொல்லச் சொல்ல, நோயெமியின் கண் முன்னால் ஞாயிறு மதியம் மறுபடி விரிந்தது.

மொரில் காளானும் பாலேடும் போட்டு, பல வருடம் பீப்பாயில் ஊறிய மஞ்சள் ஒயினில் வேகவைத்த கோழி. மூடியைத் திறந்ததும் காஸ்பார் எழுந்து நின்று கை தட்டினான். ஒடீல் தன் கல்யாணத்துக்கு வந்த படிகக் கோப்பைகளைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். பிரிக்கும்போது ஒன்று உடைந்துவிட்டது. மிஞ்சியவை மூன்று. "எனக்குச் சாதா டம்ளர்ல குடுடி, நான் எப்படியும் உடைக்கிறவதான்," என்று சொல்லி, கடுகு விழுது வாங்கினால் வரும் டம்ளர் ஒன்றை நோயெமி சமையலறை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒடீல் தக்கையை உருவி, மேசையைச் சுற்றி வந்து நேரே நால்வருக்கும் ஊற்றினாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி முதலில் சிவப்பு.

காஸ்பார் ஒயின் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் சுவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவன். அவன் மூக்கு சுருங்கினால் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அன்று அவன் ஒரு முறை மோந்தான். கோப்பையைக் கீழே வைத்தான். கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"என்ன காஸ்பார், ஒயினப் பத்தி ஒரு வார்த்தை காணோம்?"

"கோழி பிரமாதம், ஒடீல்."

"கோழி தானா வளந்தது. ஒயின் நான் செஞ்சது. அதச் சொல்லு."

காஸ்பார் கைக்குட்டையால் வாயைத் துடைத்தான். "தக்கை கெட்டிருக்கும். ஒரு பாட்டில் அப்படி ஆகறதுதான். வெள்ளையத் திற."

வெள்ளையும் அப்படியேதான் இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை. ஒடீலுக்கே தெரிந்தது. "ஒரு பாட்டில்னா தக்கை," என்று ஆரம்பித்த காஸ்பார் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். "ரெண்டுன்னா நிலவறை," என்று ஒடீலே முடித்தாள்.

அந்த வாடை நிலவறை மரத்தில் ஏறிவிட்டால் கழுவிப் போகாது. பீப்பாய்களைக் கொளுத்துவதைத் தவிர வழி இல்லை. இதை அங்கே திராட்சை வளர்க்கும் எல்லோரும் அறிவார்கள். நோயெமி தன் டம்ளரைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுதா?" என்று காஸ்பார் கேட்டதும், "ஆமா, லேசா," என்று தலையாட்டினாள்.

கடைசியில் பாலாடைக்கட்டியோடு, ஃபிர்மின் தன் கையால் அடைத்த மஞ்சள் ஒயினை ஒடீல் சமையலறை அலமாரியின் சின்னக் கோப்பைகளில் ஊற்றினாள். காஸ்பார் மோந்ததும் அவன் கண் கலங்கியது. "இது ஃபிர்மின். இதுல அந்த வாடை ஏறல. அவன் முன்னாடியே அடைச்சுட்டான்." அவன் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிடாமல் கேட்க ஒடீலால் முடியவில்லை. எழுந்து தட்டுகளை அடுக்கினாள். காஸ்பார் நிலவறைக்கு இறங்கிப் பார்க்கிறேன் என்றபோது, "போதும், யாரும் இறங்க வேண்டாம்," என்று கதவைப் பூட்டிவிட்டாள். நோயெமி பாத்திரம் கழுவ உதவினாள். திராட்சைக்காரர்கள் வீட்டில் ஒயின் கோப்பைக்குச் சோப்பு போடுவதில்லை. வெறும் தண்ணீரில் அலசி, ஏற்கெனவே விரித்திருந்த லினன் துணியில் படிகக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க போனதும் நான் தனியா இறங்கினேன்," என்றாள் ஒடீல். "என் நிலவறை டம்ளர எடுத்துக்கிட்டு பதினோரு பீப்பாயும் பாத்தேன். ஒண்ணுலயும் எனக்கு வாடை தெரியல. அதான்டா பயமே. தினம் அங்கேயே இருக்கிறவ மூக்குக்கு அந்த நிலவறை நாத்தம் தெரியாமப் போயிடும். மேல மேசையில தெரிஞ்சது, கீழ போனதும் தெரியல. அப்படின்னா எத்தன மாசமா நான் குருட்டு மூக்கோட இருந்தேனோ."

"லாம்பேர் எங்க வர்றான் இதுல?"

"ஏப்ரல்ல நிலவறைக்குள்ள தண்ணி புகுந்துச்சில்ல, அவன்தான் வந்து தரையெல்லாம் தேச்சுக் குடுத்தான். அவன் கொண்டு வந்த நீல வாளியில ப்ளீச்சிங் கம்பெனி பேர் ஒட்டியிருந்தது."

நோயெமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ப்ளீச்சிங்கா! நிலவறையில ப்ளீச்சிங் போட்டா இந்த வாடைதான வரும்? காஸ்பார் எத்தனை தடவை சொல்லியிருக்கான்! அவனுக்கு உன் கொடி மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. சிப்ரியன், இதுக்கு மேல என்ன வேணும்?"

"முட்டை ஆறிடும்," என்றார் சிப்ரியன். "ஒடீல், நீ வீட்டுக்குப் போ. பத்திரத்துல கையெழுத்து போடாத. சமையலறையில எதையும் நகர்த்தாத. துடைக்காத, கழுவாத. நாங்க வர்றோம்."

"சமையலறையா? கெட்டது நிலவறைடா."

"அதையும் பூட்டியே வை."

மேட்டுப் பாதையில் நடந்து போகும்போது இருபக்கமும் இலை உதிர்ந்த கொடிகள் வரிசையாக நின்றன. நோயெமி வேகமாக நடந்தாள். லாம்பேர் எப்படித் திட்டமிட்டிருப்பான் என்று அவளிடம் ஏற்கெனவே ஒரு முழுக் கதை இருந்தது. சிப்ரியன் கதை முடியும்வரை கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றார். "ஒண்ணு கேக்கறேன். நேத்து உன் டம்ளர்ல என்ன வாசனை வந்துச்சு?"

"அதான் சொன்னேனே, அட்டைப்பெட்டி."

"காஸ்பார் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நோயெமி நின்றுவிட்டாள். பனியில் அவள் மூச்சு வெள்ளையாக வந்து கலைந்தது. நாற்பது வருடம் ஒருவனோடு வாழ்ந்தால் பொய்யைச் சொல்வது கஷ்டமில்லை, அவன் பார்க்கும்போது அதைத் தொடர்வதுதான் கஷ்டம்.

"எனக்கு நல்லா இருந்தது," என்றாள் மெல்ல. "ராஸ்பெரி மாதிரி. வெள்ளையும் நல்லாத்தான் இருந்தது. காஸ்பார் அப்படிச் சொன்னதும், என் மூக்குதான் மட்டம்னு நினைச்சுட்டேன். அவ்வளவு பெரிய ஆளு சொல்றான், ஒடீலும் ஆமாங்கறா. நான் மட்டும் நல்லா இருக்குன்னா, ஒண்ணு முட்டாள்தனமா இருக்கும், இல்ல ஆறுதலுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். அதான் தலையாட்டினேன்." சற்று நின்று, "கோபமா?" என்று கேட்டாள்.

"கோபமா? நேத்து மேசையில நடந்ததுலேயே முக்கியமான விஷயம் இதுதான்." அவர் அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நட."

ஒடீலின் வீட்டில் அவர் நிலவறைப் பக்கமே போகவில்லை. கதவைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் போனார். நோயெமி அவர் முழங்கையை இழுத்து, "அந்தப் பக்கம்," என்று கிசுகிசுத்தாள். அவர் ஜன்னலோரம் லினன் துணியில் கவிழ்ந்திருந்த மூன்று படிகக் கோப்பைகள் முன்னால் போய் நின்றார். ஒன்றைத் தூக்கினார். அடியில் துணியில் வட்டமாக ஈரம் தெரிந்தது. வைத்த இடத்திலேயே அலுங்காமல் வைத்தார்.

"ஒடீல், இதுங்க பரண்ல எப்படி இருந்தது?"

"அட்டைப்பெட்டியில. ஃபிர்மின் அடக்கம் முடிஞ்ச வாரம் கட்டி மேல போட்டேன். சனிக்கிழமைதான் இறக்கினேன்."

"உடையாம இருக்க நடுவுல என்ன வச்ச?"

"இதே துணியத்தான் சுத்தி வச்சேன். துவைச்ச துணிதான்டா, அழுக்கு ஒண்ணும் இல்ல. கோப்பையெல்லாம் தண்ணியில அலசி, சனிக்கிழமை சாயங்காலமே இதுலயே கவுத்தேன். ஞாயித்துக்கிழமை சமையல் வேலை இருக்குமேன்னு." அவள் குரல் உயர்ந்தது. "என் பீப்பாய் போகுது, நீ பாத்திரத்தப் பத்திப் பேசற!"

"நோயெமி, காஸ்பாரைக் கூட்டிக்கிட்டு வர்றியா? என்ன விஷயம்னு சொல்லாத."

"எனக்கே தெரியாதே, எங்க சொல்றது," என்று சொல்லிவிட்டுப் போனாள் நோயெமி.

பதினொன்றரைக்கு அவள் காஸ்பாரோடு திரும்பினாள். கூடவே, வழியில் பிடித்துக்கொண்ட லாம்பேரும் அவன் நீல வாளியும். லாம்பேருக்கு ஐம்பது வயது இருக்கும். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். பத்திரத்தை மேசை மேல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"ஒடீல், இவங்க என்னென்னமோ கேக்கறாங்க. நிலவறைக்குள்ள நான் ப்ளீச்சிங் போட்டேனாம்! எங்கப்பா கேட்டிருந்தார்னா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து என்னை அறைஞ்சிருப்பார். வெந்நீரும் பிரஷும்தான் நான் கொண்டு வந்தது. வாளி கோழிக்குத் தீனி போடற வாளி. வேணும்னா உள்ள பாருங்க."

நோயெமி பார்த்தாள். அடியில் சோளம் ஒட்டியிருந்தது. "ஏப்ரல்ல என்ன இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?" என்று முணுமுணுத்தாள்.

"ஏப்ரல்லயும் கோழிங்க சாப்பிட்டுச்சுங்க," என்றான் லாம்பேர் வருத்தத்தோடு.

"உட்காருங்க லாம்பேர்," என்றார் சிப்ரியன். "காஸ்பார், நீயும் உட்காரு. ஒரு வேலை இருக்கு. உன் மூக்கு எனக்குக் கொஞ்ச நேரம் கடன் வேணும்."

காஸ்பாரின் முகத்தில் முந்தைய நாளின் வருத்தம் அப்படியே இருந்தது. "மறுபடியுமா? நேத்தே நான் வாயத் திறந்திருக்கக் கூடாது. அவ முகத்தப் பாத்து ராத்திரி பூரா தூக்கமில்ல."

"நீ உண்மையச் சொன்ன. இன்னிக்கும் அதையே சொல்லு."

அவர் கைக்குட்டையால் காஸ்பாரின் கண்ணைக் கட்டினார். முந்தைய நாள் பாதியில் மூடி வைத்த சிவப்பு பாட்டிலை எடுத்து, ஒரு கடுகு டம்ளரிலும் ஒரு படிகக் கோப்பையிலும் ஊற்றினார். இன்னொரு படிகக் கோப்பையைத் துணியிலிருந்து எடுத்து எதையோ ஊற்றினார். மூன்றையும் கைத்துண்டால் சுற்றினார், காஸ்பார் கையில் எது இருக்கிறது என்று தெரியாதபடி. டம்ளரை முதலில் அவன் மூக்கருகே கொண்டு போனார்.

காஸ்பார் மோந்தான். புருவம் கைக்குட்டைக்கு மேலே ஏறியது. மறுபடி மோந்தான்.

"யாரோடது இது? சுத்தமா இருக்கே. சிவப்பு. இந்தப் பக்கத்துதுதான்."

"அடுத்தது."

"ம்ஹும். அட்டைப்பெட்டி. நேத்து குடிச்ச அதே ஒயின்."

"கடைசி."

காஸ்பார் மோந்து உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இதுவும் அதேதான். இன்னும் மோசம். இதையும் அதே நிலவறையிலேர்ந்துதான் எடுத்திருக்க. போதும்டா, அவ கேட்டுக்கிட்டு இருக்கா."

சிப்ரியன் கட்டை அவிழ்த்தார். துண்டை எடுத்தார். மூன்றாவது கோப்பையில் குழாய்த் தண்ணீர் இருந்தது.

ஒடீல் முன்னால் வந்து அந்தத் தண்ணீரை மோந்தாள். பிறகு டம்ளரில் இருந்த ஒயினை. பிறகு மறுபடி தண்ணீரை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"முதல் ரெண்டும் ஒரே பாட்டில்தான்," என்றார் சிப்ரியன். அவர் குரல் எப்போதும் போலவே இருந்தது. "சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி நாறினதும், ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது நிலவறைதான்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு கட்டினீங்க. நிலவறை பொதுதான். ஆனா மேசையும் பொது. நான் மோந்து பாக்க முடியாதவன், அதனால கைகளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஃபிர்மினோட ஒயின் வந்தப்ப கோப்பை மாறிச்சு. நாத்தமும் நின்னுச்சு. நீங்க அதுக்கு ஃபிர்மின்னு காரணம் சொன்னீங்க. ஒடீல் கீழ போய்த் தன் டம்ளர்ல பாத்தா, நாத்தம் இல்ல. அதுக்குத் தன் மூக்கு குருடாயிடுச்சுன்னு காரணம் சொன்னா. நோயெமிக்குப் படிகக் கோப்பை கிடைக்கல, டம்ளர்தான். அவளுக்கும் நல்லா இருந்தது."

"நீ ஆமான்னுதானடி சொன்ன!" என்றான் காஸ்பார்.

"உனக்குப் பயந்து சொன்னேன்," என்றாள் நோயெமி. அவள் முகம் சிவந்தது, ஆனாலும் தலை நிமிர்ந்தே இருந்தது. "உன் மூக்குக்கு முன்னாடி என் மூக்கு எம்மாத்திரம்னு. இனிமே சொல்ல மாட்டேன்."

"ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு," என்று தொடர்ந்தார் சிப்ரியன். "சேத்து வச்சுப் பாத்தா ஒரே காரணம்தான். மூணு வருஷம் ஈரப் பரண்ல அட்டைப்பெட்டிக்குள்ள கிடந்த துணி. அதுல ஈரக் கோப்பையக் கவுத்து ஒரு ராத்திரி பூரா வச்சா, உள்ள அடைபட்ட காத்து வேற எங்க போகும்? துவைச்ச துணிதான், அழுக்கு இல்லதான். மக்கின வாடை அழுக்கு இல்லாமலும் ஏறும்."

காஸ்பார் துணியை எடுத்து மோந்தான். அதை லாம்பேரிடம் நீட்டினான். லாம்பேர் மோந்து, "அடேயப்பா," என்றான்.

"ஆனா இது புதுசில்லையே," என்றாள் நோயெமி. ஆர்வம் தாங்கவில்லை அவளுக்கு. "ரொம்ப நாள் எடுக்காம வச்ச கோப்பையில எப்பவும் ஏதாவது வாடை இருக்கும். இத்தன வருஷம் இந்த வீட்டுல எப்படித் தெரியாமப் போச்சு?"

சிப்ரியன் ஒடீலைப் பார்த்தார். அதுவரை ஒரே சீராக வந்த அவர் பேச்சு இங்கே கொஞ்சம் தயங்கியது.

"இந்த மூணு நாளும் எத்தன நிலவறைக்குப் போனோம்? எல்லா இடத்துலயும் முதல்ல என்ன பண்ணாங்க? முதல் கோப்பையில ஒரு வாய் ஒயின் ஊத்தி, சுழட்டி, அதையே அடுத்த கோப்பைக்கு, அதுலேர்ந்து அதுக்கடுத்ததுக்குன்னு மாத்தி, கடைசியில தரையில கொட்டுவாங்க. கோப்பையில ஏறின வாடை போகத்தான் அது. பழகிப் போனதால யாரும் கவனிக்கறதில்ல. இந்த மேசையில நாப்பது வருஷமா அதைச் செஞ்சது ஃபிர்மின். நேத்து நேரா ஊத்தியாச்சு."

ஒடீல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்கல," என்றாள். "பாட்டில எடுத்தப்பவே ஞாபகம் வந்தது. அவன் செய்யறப்ப மணிக்கட்ட ஒரு மாதிரி திருப்புவான், பாத்திருக்கீங்கல்ல? ஒரு சொட்டு சிந்தாது. நான் அதைச் செஞ்சா, எல்லாரும் என்னைப் பாத்து அவன நினைப்பீங்க. இல்ல, நானே நினைப்பேன். என் ஒயின் வர்ற நேரத்துல அவன் வேண்டாம்னு தோணுச்சு. ஒரே ஒரு மத்தியானம். அதான் நேரா ஊத்தினேன்."

காஸ்பார் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். லாம்பேர் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். நோயெமி ஒடீலின் தோளில் கை வைத்தாள். சிப்ரியனை அவள் எத்தனையோ தடவை வியந்திருக்கிறாள். ஆனால், கண்டுபிடித்ததைச் சொல்லி முடித்ததும் வெற்றி பெற்றவனைப் போல் நிற்காமல், தண்ணீர்க் கோப்பையை எடுத்துப் போய்த் தொட்டியில் ஓசையில்லாமல் கவிழ்த்த அந்த மனிதரை அன்றுதான் முழுசாகப் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது.

முதலில் பேசியது காஸ்பார்தான். "அலமாரியில இன்னும் டம்ளர் இருக்கா? நான் இந்த ஒயினை இன்னும் குடிக்கவே இல்ல."

ஐந்து கடுகு டம்ளர்கள் மேசைக்கு வந்தன. ஒன்றில் சேவல் படம் பாதி அழிந்திருந்தது. காஸ்பார் கண்ணை மூடி, நீண்ட நேரம் மோந்து, வாயில் வைத்து உருட்டினான். நேற்றைய பரிவெல்லாம் போய், வகுப்பறை வாத்தியார் திரும்பி வந்துவிட்டார்.

"ஃபிர்மின் மாதிரி இல்ல," என்றான். "அவன் ஒயின் கோப்பைக்கு வந்ததுமே பேச ஆரம்பிச்சுடும். இது கொஞ்ச நேரம் உக்காந்து நம்மளப் பாக்குது. அப்புறம்தான் வாயத் திறக்குது. ஆனா திறந்தா, அடேயப்பா, நல்லாப் பேசுது." ஒடீல் மூச்சு விடாமல் கேட்டாள். "ஆனா புளிப்பு ஒரு நூல் தூக்கல். ரெண்டு நாள் முன்னாடியே அறுத்துட்ட."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"அன்னிக்குச் சாயங்காலம் மழை வர்றதா இருந்தது!"

"வரலையே."

"வராதுன்னு எனக்குத் தந்தியா வந்துச்சு? வானம் கறுத்துக் கிடக்கு, அறுக்க ஆறு பேரு, கொடியில பழம் தொங்குது! அங்க நின்னு பாத்தியா நீ? வகுப்புல உக்காந்துக்கிட்டு ரெண்டு நாள் மூணு நாள்னு சொல்லிட்டுப் போறது சுலபம்டா!"

"இவங்க சொல்றது சரிதான், வானம் கறுத்துதான் இருந்தது," என்றான் லாம்பேர். "நானும் அன்னிக்குத்தான் அறுத்தேன்."

"உன் ஒயினும் புளிக்கும்," என்றான் காஸ்பார்.

நோயெமி சிரித்துவிட்டாள். ஒடீல் எழுந்து நின்று, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கின் ஓரத்தில் நிறுத்திப் பார்த்தாள். முகம் கோணியது. காஸ்பார் சொன்ன அந்த ஒரு நூல் அவளுக்கும் தட்டுப்பட்டது என்று தெரிந்தது.

"சரி, சரி," என்றாள். "அடுத்த வருஷம் ரெண்டு நாள் பொறுத்தே அறுக்கறேன். ஆனா கூட நின்னு அறுக்க நீதான் வரணும். முதுகு வலிக்குது, முட்டி வலிக்குதுன்னெல்லாம் சொல்லக் கூடாது."

அடுத்த வருஷம் என்று சொன்னது அவளுக்கே கேட்டதா என்று தெரியவில்லை. பாட்டிலை எடுத்து மற்றவர்களுக்கு ஊற்றப் போய்விட்டாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. நண்பர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் தம் டம்ளரைப் பார்த்தார்கள். லாம்பேர் மேசை மேல் கிடந்த பத்திரத்தை எடுத்து, நான்காக மடித்து, கோட்டின் உள்பையில் வைத்தான். பிறகு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தன் டம்ளரை நீட்டினான்.